வாரத்திற்கு ஒரு வகுப்பு: சிங்கப்பூரில் குதிரைச் சவாரியில் தேர்ச்சி பெற ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் குதிரைச் சவாரி பழகத் தொடங்கும் பெரும்பாலோருக்குக் குதிரையின் முதுகில் கிடைப்பது வாரத்திற்கு 30 முதல் 60 நிமிடங்கள்தான். மேய்ச்சல் நிலம் பரந்து கிடக்கும் நாடுகளில் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் குதிரையில் ஏறி ஊரைச் சுற்றி வரலாம். இங்கோ நிலம் குறைவு, லாயங்கள் குறைவு, வகுப்புக் கட்டணமும் குறைவன்று. ஆகவே இங்கு இந்தக் கலையில் முன்னேற விரும்புகிறவர், அந்த ஒரு மணி நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது, மீதமுள்ள ஆறு நாள்களில் உடலை எப்படிப் பழக்குவது என்ற இரண்டையும் சேர்த்தே கற்க வேண்டியிருக்கிறது. ஓரிரு அறிமுக வகுப்புகளை முடித்துவிட்டு, "ஏறி உட்கார முடிகிறது, ஆனால் இன்னும் தடுமாறுகிறேன்" என்னும் நிலையில் இருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நானும் முப்பது வயதைத் தாண்டிய பிறகே பழகத் தொடங்கியவன். வேகத்தை முதலில் தேடியதால் ஏறத்தாழ ஓராண்டை வீணாக்கினேன். இருப்பு, அதாவது சேணத்தில் உட்காரும் நிலை, உறுதியாவதற்கு முன் கைகளையும் வேகத்தையும் நம்பக் கூடாது என்பதை அப்போது எனக்கு யாரேனும் அழுத்திச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கே, எந்தக் குதிரையில்

தேக்கா பக்கம் போகிறவர்கள் ரேஸ் கோர்ஸ் சாலையைக் கடந்திருப்பார்கள். 1842இல் தொடங்கப்பட்ட குதிரைப் பந்தயக் கழகத்தின் முதல் திடல் அங்கே ஃபேரர் பார்க்கில்தான் இருந்தது. பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்கும், 1999இல் கிராஞ்சிக்கும் இடம் மாறி, 2024 அக்டோபர் 5ஆம் தேதி நடந்த கடைசிப் பந்தயத்துடன் சிங்கப்பூரில் முடிவுக்கு வந்தது. சவாரி பழகுகிறவருக்கு இந்த வரலாறு ஏன் தேவை என்றால், நம் பயிற்சிக் களங்களில் நாம் ஏறும் குதிரைகளில் பல, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரப்ரெட் இனத்தவை. 1951இல் தொடங்கப்பட்ட புக்கிட் தீமா சேடில் கிளப் போன்ற இடங்கள், ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்குப் புதிய வேலையைக் கற்றுக்கொடுத்து வந்திருக்கின்றன.

பந்தயக் குதிரைக்கு இளம் வயதில் கற்பிக்கப்பட்ட பாடம் வேறு. ஜாக்கி கடிவாள வாரை இறுக்கிப் பிடிக்கும்போது அதன் மீது சாய்ந்துகொண்டு ஓடுவதுதான் அதற்குப் பழக்கம். எனவே பயத்தில் நாம் வாரை இழுத்துக்கொண்டே இருந்தால், அது நிற்பதற்குப் பதிலாக வேகத்தைக் கூட்டக்கூடும். மறுபயிற்சி பெற்ற குதிரைகள் இதை மறந்திருந்தாலும், பதற்றமான கைக்குக் கீழே பழைய பாடம் சில வேளைகளில் திரும்பி வரும். இழுத்துப் பிடித்தபடியே இருக்காமல், இழுப்பதும் விடுவதுமாக, மூச்சை வெளியே விட்டு, உடலின் எடையைச் சேணத்தில் ஆழ இறக்கி நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். தொடக்க வகுப்புகளிலேயே பயிற்றுநரிடம் "இந்தக் குதிரையின் பின்னணி என்ன?" என்று கேட்பது முறையான கேள்வி, நல்ல பயிற்றுநர் அதை விரும்புவார்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, கட்டணப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் ஒரு வகுப்பை வெளியே நின்று பாருங்கள். ஒரு களத்தில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் பழகுகிறார்கள், பயிற்றுநர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திருத்துகிறாரா அல்லது பொதுவாகக் கத்துகிறாரா, குதிரைகளின் முதுகிலும் வாயோரத்திலும் புண் இருக்கிறதா, வகுப்புகளுக்கு இடையில் அவற்றுக்குத் தண்ணீரும் ஓய்வும் கிடைக்கின்றனவா என்பவற்றைக் கவனியுங்கள். எடை வரம்பையும் கேளுங்கள். சவாரியாளரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் கணக்கு. 500 கிலோ குதிரைக்கு அது 100 கிலோ. வரம்பே இல்லை என்று சொல்லும் இடத்தில் நான் பழக மாட்டேன்.

வாங்க வேண்டியவை

முதலில் தலைக்கவசமும் சரியான காலணியும் போதும். சைக்கிள் ஓட்டும் தலைக்கவசம் இதற்கு உதவாது. குதிரைச் சவாரிக்கென்றே சோதிக்கப்பட்ட, பாஸ் 015 அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 போன்ற தரக்குறி உள்ளதைக் கடையில் அணிந்து பார்த்து வாங்குங்கள். விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அந்தக் கவசத்தை மாற்றிவிட வேண்டும். காலணிக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குதிகால் இருக்க வேண்டும். தட்டையான விளையாட்டுக் காலணி அங்கவடிக்குள் (சேணத்திலிருந்து தொங்கும், பாதத்தை வைக்கும் வளையம்) முழுவதுமாக நுழைந்து மாட்டிக்கொண்டால், விழும்போது குதிரை நம்மை இழுத்துச் செல்லும் ஆபத்து உண்டு. மற்ற உடைகளை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏறுவதற்கு முன் இருபது நிமிடங்கள்

வகுப்பு ஆறு மணிக்கு என்றால் ஐந்து நாற்பதுக்கே லாயத்தில் இருங்கள். சிங்கப்பூரில் பல இடங்களில் குதிரையைத் துடைத்து, சேணம் பூட்டி, களத்தின் வாசலில் தயாராக நிறுத்திவிடுவார்கள். நாமும் வேலை முடிந்து விரைந்து வந்து, ஏறி, இறங்கி, வீட்டுக்குப் போய்விடுகிறோம். இந்த வசதிதான் நம் முன்னேற்றத்திற்கு மிகப் பெரிய தடை என்பது என் உறுதியான கருத்து. அனுமதி கேட்டு, நீங்களே துடைக்கவும் பூட்டவும் பழகுங்கள்.

குதிரைக்கு ஏறத்தாழ முழு வட்டமாகப் பார்வை உண்டு. ஆனால் நேர் பின்னாலும், நெற்றிக்கு முன் சிறு தொலைவிலும் அதற்குத் தெரியாது. அதனால் பக்கவாட்டில், தோளை நோக்கி, பேசிக்கொண்டே அணுக வேண்டும். லாயத்தில் பழைய சைஸ் (குதிரைப் பராமரிப்பாளர்) ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், முதல் நாளே என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, நீங்க தொடுறதுக்கு முன்னாடி அது உங்கள மோந்து பாக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து நான் முதலில் புறங்கையை நீட்டிக் காத்திருக்கிறேன். காதுகள் முன்னோக்கி இருந்தால் ஆர்வம், ஒரு காது நம் பக்கம் திரும்பினால் கவனம், இரண்டும் பின்னால் ஒட்டிப் படுத்திருந்தால் எரிச்சல் அல்லது வலி.

ரப்பர் சீப்பால் வட்டமாகத் தேய்த்து, பிறகு தூரிகையால் முடியின் போக்கில் துடையுங்கள். சேணமும் வயிற்றுப்பட்டையும் படும் இடத்தில் ஒரு சிறு மண்கட்டி ஒட்டியிருந்தாலும் அது புண்ணாகும். குளம்புகளைக் கொக்கியால் சுத்தம் செய்யும்போது குதிகாலிலிருந்து நுனியை நோக்கிச் சுரண்டுங்கள். நடுவில் முக்கோணமாக இருக்கும் மென்பகுதியைக் குத்தாதீர்கள். கயிற்றைப் பிடித்து நடத்திச் செல்லும்போது அதை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். குதிரை மிரண்டு பாய்ந்தால் விரல்கள் போய்விடும். வயிற்றுப்பட்டையை ஒரே தடவையில் இறுக்காமல், படிப்படியாக இறுக்கி, ஏறுவதற்கு முன் ஒருமுறையும், சில நிமிடம் நடந்த பிறகு ஒருமுறையும் சரிபார்க்க வேண்டும். பூட்டும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும் குதிரைகள் உண்டு.

அங்கவடியின் நீளத்தைக் கீழே நின்றே தோராயமாக அளக்கலாம்: விரல் நுனியைச் சேணத்தில் அங்கவடி வார் தொடங்கும் இடத்தில் வைத்துக் கையை நீட்டினால், அங்கவடியின் அடிப்பாகம் அக்குளைத் தொட வேண்டும். ஏறும்போது, உயரமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏறுமேடையைப் பயன்படுத்துங்கள். தரையிலிருந்து தொங்கி ஏறுவது குதிரையின் முதுகெலும்பை ஒரு பக்கமாக முறுக்குகிறது.

இருப்பு

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். நாற்காலியில் உட்கார்வதுபோல் கால் முன்னே போய்விட்டால், குதிரை டிராட் (நடையைவிட வேகமான துள்ளோட்டம்) ஓடத் தொடங்கியதும் நாம் பின்னே சாய்ந்து, சமநிலைக்காகக் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்குவோம். அந்தத் தொங்கல் முழுவதும் குதிரையின் வாயில் உள்ள இரும்பில் போய் விழும். அது வலியில் தலையைத் தூக்கி முதுகைக் குழிக்கும். முதுகு குழிந்தால் குலுக்கல் கூடும். குலுக்கல் கூடினால் நாம் இன்னும் இறுக்கிப் பிடிப்போம். தொடக்க நிலையினர் "இந்தக் குதிரை ரொம்பக் குலுக்குகிறது" என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தச் சுழற்சியால் வருவது. இதைக் கையில் திருத்த முடியாது, இருப்பில்தான் திருத்த முடியும்.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த மருந்து, பயிற்றுநர் ஒரு நீண்ட கயிற்றில் குதிரையைத் தம்மைச் சுற்றி வட்டமாக ஓடவிட, நாம் வாரைத் தொடாமல் உட்கார்ந்து பழகும் தனி வகுப்பு. குழு வகுப்பைவிடச் செலவு கூடுதல். ஆனாலும் முதல் மூன்று மாதங்களில் இப்படி நான்கு வகுப்புகளாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். குதிரையை ஓட்டும் பொறுப்பு இல்லாததால், உட்காரும் எலும்புகள் இரண்டிலும் எடை சமமாக இறங்குகிறதா, முழங்கால் கிடுக்கிபோல் இறுகியிருக்கிறதா என்று கவனிக்க மனம் கிடைக்கும். கைகளைப் பக்கவாட்டில் நீட்டுவது, ஒரு கையால் எதிர்ப்பக்கக் கால்விரலைத் தொடுவது, கண்ணை மூடி எந்தக் குளம்பு தரையில் படுகிறது என்று சொல்வது ஆகியவை எளிமையாகத் தோன்றினாலும் இருப்பை அடியோடு மாற்றிவிடும்.

குளம்புகளின் ஒலியைக் கேட்கத் தமிழருக்கு ஒரு நல்ல உதவி இருக்கிறது. மிருதங்கமோ பரதமோ சிறிதளவு பழகியவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். நடையில் நான்கு குளம்புகளும் தனித்தனியாகப் படும்: தகதிமி. டிராட்டில் மூலைவிட்டமாக இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து படும்: தக, தக. டிராட்டைவிட வேகமான பாய்ச்சலான கேண்டரில் மூன்று ஒலி, பிறகு நான்கு கால்களும் காற்றில் நிற்கும் ஒரு கணம்: தகிட, தகிட. வகுப்பில் வாய்க்குள் இதைச் சொல்லிக்கொண்டே ஓட்டினால், குதிரை வேகம் குறைவதையோ கூடுவதையோ கண்ணால் பார்ப்பதற்கு முன்பே உணர முடியும்.

எழுந்து அமரும் டிராட்

'ரைசிங் டிராட்' எனப்படும் இதில், முதல் ஒலிக்கு எழுந்து இரண்டாம் ஒலிக்கு அமர வேண்டும். பலரும் அங்கவடியை மிதித்து மேலே எம்புவதால்தான் சோர்ந்துபோகிறார்கள். எழுவது மேல்நோக்கி அன்று. இடுப்பு முன்னோக்கி, கைகளை நோக்கிச் சற்றே நகர்வதுதான். குதிரையின் முதுகே நம்மைத் தூக்கிவிடும். நாம் செய்ய வேண்டியது மெதுவாக இறங்குவது. பொத்தென்று விழுந்தால் அதன் முதுகு தாங்காது.

வட்டத்தில் ஓடும்போது எந்தக் காலோடு எழுவது என்பதும் முக்கியம். வெளிப்பக்கத்து முன்கால் முன்னே போகும்போது எழ வேண்டும். அப்போது உள்பக்கத்துப் பின்கால் தரையில் ஊன்றிச் சுமக்கும் நேரத்தில் நாம் சேணத்தில் இருப்போம், அது வட்டத்தில் சமநிலையைக் காக்க உதவும். தவறான காலில் எழுகிறோம் என்று தெரிந்தால், ஓர் ஒலி கூடுதலாக அமர்ந்திருந்து பிறகு எழுந்தால் சரியாகிவிடும். முதலில் வெளித்தோளைக் குனிந்து பார்த்துக்கொள்ளலாம். சில வாரங்களில் பார்க்காமலே சொல்ல முயலுங்கள். குனியும் தலை நான்கைந்து கிலோ எடையை முன்னே தள்ளுகிறது என்பதைக் குதிரை உடனே உணர்ந்துகொள்ளும்.

கையும் வட்டமும்

வாரைச் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே செலுத்தி, கட்டைவிரலை மேலே வைத்து மூடுங்கள். முழங்கையிலிருந்து குதிரையின் வாய்வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். நடையிலும் கேண்டரிலும் குதிரையின் தலை முன்னும் பின்னும் அசையும். முழங்கை அதனோடு திறந்து மூடினால்தான் தொடர்பு மென்மையாக இருக்கும். கை அசையாமல் இருக்க வேண்டும் என்று பயிற்றுநர் சொல்வது குதிரையின் வாயைப் பொறுத்து அசையாமல் இருப்பதையே. நம் உடலைப் பொறுத்து அன்று. இதை நான் தவறாகப் புரிந்துகொண்டு பல மாதம் கையை விறைப்பாக வைத்திருந்தேன்.

கட்டுப்பாட்டைச் சோதிக்க 20 மீட்டர் வட்டம் போதும். 20க்கு 40 மீட்டர் களத்தின் பாதியை அது அப்படியே நிரப்பும். நான்கு இடங்களில் மட்டும் எல்லையையோ நடுக்கோட்டையோ தொடும். பெரும்பாலும் நம் வட்டம் முட்டை வடிவமாகும், ஏனெனில் வாசலை நோக்கிக் குதிரை சாயும், எதிர்ப்பக்கம் உள்ளே விழும். உள்கால் வயிற்றுப்பட்டை அருகே தூண்போல இருக்க, வெளிக்கால் சற்றுப் பின்னே காவலாக நிற்க, பார்வை வட்டத்தின் அடுத்த கால் பங்கை நோக்கிச் செல்ல வேண்டும். அந்த வட்டத்திலேயே பத்துக் காலடி நடை, நிறுத்தம், மீண்டும் நடை, டிராட், மீண்டும் நடை என்று மாற்றிக்கொண்டே இருங்கள். வேகம் மாறும் இடங்களில்தான் குதிரை நம்மைக் கேட்கிறதா என்பது வெளிப்படும்.

எப்போது கேண்டர்

ஆசை இங்கேதான் இழுக்கும். வாரைச் சேணத்தின் மேல் விட்டுவிட்டு, நீண்ட கயிற்றில், இரு பக்கமும் முழு வட்டம் தடுமாறாமல் டிராட்டில் எழுந்து அமர முடியும்வரை கேண்டருக்குப் போகாதீர்கள். தொடங்கும்போது அமர்ந்த டிராட்டில் வெளிக்காலைப் பின்னே நகர்த்தி, உள்காலை வயிற்றுப்பட்டை அருகே வைத்து, உள்பக்கத்து உட்காரும் எலும்பில் எடை இறக்கிக் கேளுங்கள். முன்னே சாய்ந்து ஓட்டினால் குதிரை டிராட்டிலேயே வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். அச்சம் வந்தால் பிடரி மயிரைப் பிடிக்கலாம், வாரைப் பிடித்துத் தொங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

மீதி ஆறு நாள்கள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் புளோக்கின் மாடிப்படி இதற்கு நல்ல பயிற்சிக்கூடம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாதத்தின் முன்பகுதியை மட்டும் படி விளிம்பில் வைத்து, குதிகாலை மெதுவாகக் கீழே இறங்க விடுங்கள். 30 விநாடி, தினமும் சில முறை. குதிகாலைத் தசையால் அழுத்தாமல் எடையால் இறங்க விடுவது எப்படி என்பதை இது சொல்லிக்கொடுக்கும். வீட்டில் பாயில் முழங்காலிட்டு, குதிகால்மேல் அமர்ந்து, கையை ஊன்றாமல் இடுப்பை முன்னே கொண்டுவந்து எழுவது டிராட்டுக்கான அசைவே. கடினமான முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளங்கையை அடியில் வைத்துப் பார்த்தால் உட்காரும் எலும்புகள் எங்கே என்று தெரியும். வீட்டில் ஒருவரிடம் கயிற்றின் மறுமுனையைக் கொடுத்து, அவர் முன்னும் பின்னும் அசைக்க, கயிறு தளராமலும் இறுகாமலும் பின்தொடர்ந்து பாருங்கள். பிள்ளைகள் இதற்குக் குதிரையாக இருக்க விரும்பி வருவார்கள்.

வகுப்பு முடிந்து ரயிலில் திரும்பும்போது மூன்று வரி எழுதுங்கள்: எந்தக் குதிரை, பயிற்றுநர் எத்தனை முறை ஒரே திருத்தத்தைச் சொன்னார், அடுத்த வாரம் எதை மட்டும் கவனிப்பது. அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் அந்த ஒன்றைப் பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள். மாதம் ஒருமுறை, அனுமதி பெற்று, பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிடக் காணொளி எடுக்கச் சொல்லுங்கள். நேராக உட்கார்ந்திருக்கிறோம் என்று உடல் சொல்வதும் படம் காட்டுவதும் வேறாக இருக்கும்.

பிடித்த குதிரையை மட்டுமே கேட்பதும் வளர்ச்சியைத் தடுக்கும். 2010இல் சிங்கப்பூரில் நடந்த இளையர் ஒலிம்பிக்கில் குதிரைத் தாண்டல் போட்டியாளர்கள் தங்கள் சொந்தக் குதிரைகளைக் கொண்டுவரவில்லை. ஒதுக்கப்பட்ட புதிய குதிரைகளோடு சில நாள்களிலேயே பழகிப் போட்டியிட்டார்கள். சோம்பலான குதிரை காலைக் கற்பிக்கும். பதற்றமான குதிரை மூச்சைக் கற்பிக்கும்.

கட்டணம் சுமையாக இருக்கிறவர்களுக்கும், குதிரையோடு கூடுதல் நேரம் வேண்டுபவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 1982இல் தொடங்கிய 'ரைடிங் ஃபார் தி டிசேபில்ட் அசோசியேஷன்', உடற்குறையுள்ளோருக்குச் சவாரி வழியாக இலவசமாகச் சிகிச்சை அளித்து வருகிறது. குதிரையை நடத்திச் செல்லவும் சவாரி செய்பவருக்குப் பக்கத்தில் நடக்கவும் தொண்டூழியர்கள் அதற்குத் தேவை. குதிரையின் தோளருகே ஒரு மணி நேரம் நடந்தால், அதன் அடிகளும் காதுகளும் நமக்குப் பழகிவிடும்.

வெயிலும் இடியும், இறங்கிய பிறகும்

காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்குப் பின் வகுப்பு எடுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் ஆவியாகாது. குதிரையும் நம்மைப்போல வியர்வையால்தான் குளிர்கிறது என்பதால் அதற்கும் அதே துன்பம். மின்னல் எச்சரிக்கை வந்தால் வாதிடாமல் இறங்கிக் கூரைக்குள் போய்விட வேண்டும். விழுந்தால், எழுந்து உடனே ஏறுவதற்கு முன் தலை சுற்றுகிறதா, கழுத்து வலிக்கிறதா என்று பயிற்றுநரிடம் உண்மையாகச் சொல்லுங்கள். தலையில் அடி என்றால் அன்று மீண்டும் ஏறக் கூடாது.

கடைசி பத்து நிமிடம் வாரைத் தளர்த்தி நடையில் விடுங்கள். இறங்கியதும் அங்கவடிகளை மேலே ஏற்றி, வயிற்றுப்பட்டையை ஒரு துளை தளர்த்தி, நடத்திச் செல்லுங்கள். ஓய்வில் இருக்கும் குதிரை நிமிடத்திற்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். விலாப்புறம் ஏறி இறங்குவதை எண்ணிப் பார்த்து, அது தணிந்து வருகிறதா என்று கவனியுங்கள். கால்களில் தொடங்கி மார்பு, கழுத்து, முதுகு என்று தண்ணீர் ஊற்றி, நீரை வழித்தெடுத்து மீண்டும் ஊற்றுங்கள். சேணம் இருந்த இடத்தில் வியர்வைத் தடம் இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று கழுவுவதற்கு முன் பாருங்கள். ஒரு பக்கம் உலர்ந்திருந்தால், சேணம் பொருந்தவில்லை அல்லது நீங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், அதையும் அன்றைய மூன்று வரிகளில் எழுதிவிடுங்கள்.